மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டிய பணம்

கணக்கு எழுதுகிறவன் என்றாலே கஞ்சன் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கும் அந்த நீளமான நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "பென்ஷன்தான் ஒண்ணாந்தேதி டாண்ணு வருதே, இன்னும் எதுக்கு அத்தான் இந்தக் கணக்கு?" என்பான் என் மைத்துனன். அவனுக்கு நான் பதில் சொல்வதில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஓய்வு பெறப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் பயன்படக்கூடும்.

முப்பத்து மூன்று வருடம் மாநில அரசின் கருவூலத் துறையில் வேலை பார்த்தேன். 2012இல், 58 வயதில் ஓய்வு. கும்பகோணத்தில் சொந்த வீடு, மனைவி, நான். மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். இதுதான் குடும்பம்.

கருவூலத்தில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வசதி. மற்றவர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் ஓய்வு வாழ்க்கையைப் பார்ப்பார்கள். நாங்கள் இருபத்தைந்து வயதிலேயே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிடுவோம். அந்த நாட்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓய்வூதியர்களுக்கு நேர்காணல் நடக்கும். உயிரோடு இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சார்நிலைக் கருவூலத்து வராந்தா நிறைந்துவிடும். புங்கமரத்தடியில் ரிக்‌ஷாவில் சாய்ந்தபடி காத்திருப்பவர்கள், பேரன் கையைப் பிடித்து வருபவர்கள், மஞ்சள் பையில் ஓய்வூதியப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவருபவர்கள் என்று பலர்.

அவர்களில் மூன்று பேரை நான் மறக்கவில்லை.

முதலாமவர் ஒரு தலைமை ஆசிரியர். மனைவியை இழந்தவர். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்தே வருவார். கையில் தயிர்சாத டப்பா. செருப்பின் வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருப்பார். ஒரு வருடம் வரவில்லை. பிறகு அவருடைய பிள்ளைகள் நாலு பேரும் நிலுவைத் தொகைக்காக வந்தார்கள். பேச்சுவாக்கில் தெரிந்தது, அலமாரியில் பதினோரு வைப்பு நிதி ரசீதுகள் இருந்தனவாம். அவற்றை யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று எங்கள் வராந்தாவிலேயே குரல் உயர்ந்தது.

இரண்டாமவர் வருவாய்த் துறையில் இருந்தவர். கம்யூட்டேஷன், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வந்த தொகையை முதல் வருடத்திலேயே ஒரு மகள் கல்யாணத்துக்கும் ஒரு மகன் தொழிலுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்தது, தொழில் நடக்கவில்லை. பிறகு மாதக் கடைசியில் இருபத்தெட்டாம் தேதியிலிருந்தே கருவூலத்துக்கு வந்து, "பட்டியல் பாஸாயிடுச்சா தம்பி?" என்று கேட்பார். என்னைவிட முப்பது வயது மூத்தவர் அப்படிக் கேட்கும்போது எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மூன்றாமவர் ஜீப் ஓட்டுநர். மூவரிலும் குறைந்த ஓய்வூதியம் இவருக்குத்தான். ஆனால் நேர்காணலுக்கு வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அம்மாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட்டதும் இருவரும் ஓட்டலில் சாப்பிட்டு, மேட்னி ஷோ பார்த்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் ஊருக்குப் போவார்கள். "என்ன அண்ணே, இன்னிக்கு ஏதாவது விசேஷமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் உசுரோட இருக்கேன்னு சர்க்கார்ல எழுதிக்கிட்டாங்கள்ல சார், அதைக் கொண்டாட வேணாமா?" என்றார்.

பின்னால் தெரிந்துகொண்டேன், அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லை. தபால் ஆபீஸில் மாதாமாதம் சிறு தொகையும் போட்டு வந்திருக்கிறார். சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் ஆகும் பணத்தைத் தனியாக ஒரு டப்பாவில் வருடம் முழுவதும் சேர்த்து வைத்திருப்பாராம்.

நான் ஓய்வு பெற்ற மாதமே மனைவியிடம் சொன்னேன், "நாம அந்த டிரைவர் மாதிரி இருக்கணும்." அவளுக்கு அந்தக் கதை தெரியும். "சினிமா வேணாம். டப்பா மட்டும் வையுங்க" என்றாள்.

டப்பாவுக்குப் பதிலாக எனக்குத் தெரிந்த தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரசாங்கத்தில் எந்தச் செலவும் ஒரு தலைப்பின்கீழ்தான் வரும். தலைப்பில் பணம் இல்லை என்றால் பட்டியல் பாஸாகாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் மறு ஒதுக்கீட்டு ஆணை வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்தே தலைப்புகள்.

இன்றைய நிலவரம் இது. ஓய்வூதியம் பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 42,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் இருக்கிறது. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 10,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 52,000.

இதில் அரிசி, பருப்பு, பால், காய்கறி, கேஸ், கரண்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் எல்லாம் சேர்த்து அன்றாடத் தலைப்புக்கு 24,000. மருந்து, டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கு 6,000. வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் செலவுகளுக்கு 8,000. சொத்து வரி, வெள்ளையடிப்பு, தீபாவளி, கல்யாண மொய் எல்லாம் இந்தத் தலைப்பில் வரும். மொய்யைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் மழைபோல வரும். இதற்குத் தனித் தலைப்பு இல்லாதவர்கள் அந்த மாதங்களில் மளிகைக் கடையில் கடன் சொல்ல நேரும். நாலாவது தலைப்பு, தொடாத பணம்: 9,000.

ஐந்தாவது தலைப்புக்கு என் மனைவிதான் 'ஆசை' என்று பெயர் வைத்தாள். மாதம் 5,000. வருடத்துக்கு 60,000.

ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் எதற்கு மேலும் மாதம் ஒன்பதாயிரம் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். முதலாவது விலைவாசி. விலை வருடத்துக்கு ஏழு சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். 72ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், பத்துக்குச் சற்று மேல் வரும். அந்தப் பழைய வாய்ப்பாட்டைக் கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அகவிலைப்படி ஏறுகிறது, உண்மைதான். ஆனால் மருந்துக்கடைக்காரர் அகவிலைப்படியைப் பார்த்து விலை வைப்பதில்லை.

இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பல வீடுகளில் பேசவே மாட்டார்கள். என் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. எனக்குப் பிறகு என் மனைவிக்கு வரப்போகும் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் முப்பது சதவீதம்தான். நூறு ரூபாய் வரும் இடத்தில் அறுபது ரூபாய். தொடக்கத்தில் சில வருடம் கூடுதலாகக் கொடுக்கும் விதி உண்டு. ஆனால் ஓய்வூதியருக்கு ஒரு குறிப்பிட்ட வயது ஆகும் காலத்தோடு அது முடிந்துவிடும். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் செலவும் அறுபதாகக் குறையுமா? கரண்டு பில், சொத்து வரி, வேலைக்கார அம்மாவின் சம்பளம் எதுவும் குறையாது. குறைவது ஒரு டம்ளர் காபிதான்.

இந்தக் கணக்கை ஒருநாள் காகிதத்தில் போட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்படியெல்லாம் எழுதிக் காட்டணுமா?" என்றாள். அடுத்த நிமிடமே, "வங்கிப் புத்தகத்தில் என் பேர் இருக்குல்ல? வாரிசு நியமனம் எல்லாத்துலயும் போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் இருவரும் உட்கார்ந்து எல்லா ரசீதுகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறோம். எது எங்கே இருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருக்கிறது. ஒரே வங்கியில் ஐந்து லட்சத்துக்கு மேல் வைப்பதில்லை என்பதும் அவள் போட்ட விதி. 2020 பிப்ரவரி முதல் வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு என்று நான் சொல்லி வைத்ததை அவள் மறக்கவில்லை.

எங்கள் ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை 2019இல் வந்தது. மகன் பெங்களூரில் ஃபிளாட் பார்த்தான். வங்கிக் கடன் போக முன்பணத்தில் பன்னிரண்டு லட்சம் குறைந்தது. "அப்பா, அந்தப் பதினைஞ்சு லட்சம் சும்மாதானே கெடக்கு. நான் மூணு வருஷத்துல திருப்பிக் கொடுத்துடறேன்" என்றான். நல்ல பிள்ளை. ஏமாற்ற நினைப்பவன் இல்லை. கேட்டதிலும் தப்பு இல்லை. பெற்றவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்?

அன்று இரவு எங்கள் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மனைவிதான் எழுந்து விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தாள். பன்னிரண்டு லட்சம் போனால் மூன்று மாத வட்டியில் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். சொன்னேன். நான் இல்லாமல் போனால் அவளுக்கு மாதம் என்ன வரும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"அவன் நல்லவன்தாங்க. ஆனா அவன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்மளும் சேர்ந்து விழுவோம். நம்ம விழாம இருந்தாத்தான் அவனுக்கும் ஒரு இடம் இருக்கும்" என்றாள்.

தொடாத பணத்தில் அப்போது சேர்ந்திருந்ததிலிருந்து நாலு லட்சம் கொடுத்தோம். கடனாக இல்லை, கொடையாக. பதினைந்து லட்சத்தைத் தொட முடியாது என்று அவளே போனில் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். மகன், "சரிம்மா" என்றான். அடுத்த நாலைந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை போன் கொஞ்சம் சுருக்கமாகவே இருந்தது. மருமகள் தீபாவளிக்கு வரவில்லை. அது எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளும் நானும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசாமல் அதிரசம் சுட்டோம்.

அவன் ஊருக்குச் சற்று வெளியே, சிறிய ஃபிளாட்டாக வாங்கினான். அடுத்த வருடமே கொரோனா வந்து, அவனுக்கு எட்டு மாதம் சம்பளம் குறைந்தது. தவணை சிறியதாக இருந்ததால் சமாளித்தான். அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்று அவன் வீட்டில் அவன் இருக்கிறான், எங்கள் வீட்டில் நாங்கள் இருக்கிறோம். லீவுக்குப் பேத்தி வருகிறாள்.

இனி அந்த ஐந்தாவது தலைப்புக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் தலைமுறைக்குச் சேமிக்கத் தெரியும். மூன்றாம் தேதியே கையைக் கட்டிக்கொண்டு மாதம் முழுவதும் ஓட்டிப் பழகியவர்கள். செலவழிப்பதுதான் வராது. நூற்றைம்பது ரூபாய் காபி என்று பலகையில் பார்த்தால் கால் தானாகத் திரும்பும். 'ஆசை' என்று தலைப்பு வைத்து அறுபதாயிரம் ஒதுக்கினாலும் முதல் இரண்டு வருடமும் அதில் பாதிகூடச் செலவாகவில்லை. மிச்சம் சத்தமில்லாமல் தொடாத பணத்தோடு சேர்ந்துகொண்டது.

மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "உங்க ஆபீஸ்ல மார்ச் மாசம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

மார்ச் 31 அன்று கருவூலத்தில் எப்படி இருக்கும் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நிதியாண்டுக்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக முடியாது. அதனால் எல்லாத் துறைகளும் கடைசி வாரத்தில் பட்டியல்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். இரவு வெகுநேரம் விளக்கெரியும். டீயும் வடையும் வந்துகொண்டே இருக்கும். அந்த ராத்திரிகளில் வீட்டில் தனியாக இருந்தவள் அவள்.

"அதே விதியை ஆசைக் கணக்குக்கும் போடுங்க. மார்ச் 31க்குள்ள ரெண்டு பேருமாச் செலவு பண்ணணும். பண்ணலேன்னா மிச்சம் என் கைக்கு வந்துடணும். நீங்க கணக்குக் கேக்கக் கூடாது" என்றாள்.

கணக்குக் கேட்கக் கூடாது என்ற அந்த ஒரு வரி என்னைப் பதற வைத்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் செலவு ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது.

தை மாதம் திருவையாற்றில் ஆராதனை. கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய், காவிரிக் கரைப் பந்தலில் மணலில் உட்கார்ந்து கேட்பதற்கு டிக்கெட் கிடையாது. பஸ் கட்டணமும் இரவுச் சாப்பாடும்தான். மாதம் ஒருமுறை வெளியே டிபன். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து புத்தகம். மாலையில் தாராசுரம் கோயில் வரை நடந்து, அந்தக் கல் யானைகளையும் தேர்ச் சக்கரத்தையும் பார்த்துவிட்டு டிகிரி காபி குடித்துத் திரும்புவது. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு அற்பம். சந்தோஷத்தில் பெரும்பகுதி இந்த விலையில்தான் கிடைக்கிறது என்பதும் நோட்டு எழுதியதால் தெரிந்த விஷயம்.

பெரிய ஆசை ஒன்று அவளுக்கு இருந்தது. காவிரி பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் பிறந்து, ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி விட்டு வளர்ந்தவள். "வர்ற தண்ணியவே பார்த்துக்கிட்டு இருக்கோம். எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை பார்க்கணும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். பிறகு பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் என்று அது பின்னால் போயிற்று. 2023இல் மூட்டு டாக்டர், "இன்னும் ரெண்டு வருஷத்துல ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்" என்றார். வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறும் முன்பே அவள், "அப்போ நவம்பர்லயே போயிடுவோம்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசிப் பிறப்பன்று தலைக்காவிரியில் பெருங்கூட்டம் இருக்கும். மழைக்காலத்தில் குடகு மலைக்குப் போவதும் சிரமம். அதனால் நவம்பர் நடுவில் கிளம்பினோம். கும்பகோணத்தில் மாலையில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை மைசூர். மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது. இருந்திருந்தால் எனக்கு நாற்பது சதவீதம், அவளுக்குப் பாதி குறைந்திருக்கும். இருந்தாலும் ஏசி பெட்டியிலேயே எடுத்தேன். மைசூரிலிருந்து வாடகைக் காரில் மடிக்கேரி, அங்கே இரண்டு இரவு. பாகமண்டலா போய், அங்கிருந்து மலை ஏறினால் தலைக்காவிரி.

ஒரு சிறிய குளம். அதன் தலைப்பில் இன்னும் சிறியதாக ஒரு தொட்டி. அவ்வளவுதான். பக்கத்துப் பிரம்மகிரி உச்சிக்குப் படிகள் போகின்றன. அவளால் ஏற முடியாது. நானும் போகவில்லை. குளக்கரையில் உட்கார்ந்து, "இம்புட்டுத் தண்ணியா நம்ம ஊருக்கு வருது?" என்றாள். பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்தாள். நம்மூர் காவிரித் தண்ணீர், பகவத் படித்துறையில் பிடித்தது. அதைக் கரையோரம் ஓடையில் ஊற்றினாள். ஏன் என்று கேட்டதற்கு, "திரும்பவும் வீட்டுக்கு வந்துடும்ல" என்றாள்.

மொத்தச் செலவு 38,400 ரூபாய். நோட்டில் இருக்கிறது. ரயில், கார், விடுதி, சாப்பாடு, ஒரு கிலோ காப்பிக் கொட்டை, பேத்திக்கு ஒரு மரப்பொம்மை. எந்தத் தலைப்பிலிருந்தும் கடன் வாங்கவில்லை, மறு ஒதுக்கீடு எதுவும் இல்லை. போன வருடம் அவளுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அது நாலாவது தலைப்பு. ஆசுபத்திரியில் படுத்துக்கொண்டு நர்ஸ் பெண்ணிடம் தலைக்காவிரியைப் பற்றி மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் பூம்புகாராம், ஆறு கடலில் சேரும் இடம்.

உங்களுக்கு என் எண்கள் பொருந்தாது. ஓய்வூதியமே இல்லாதவர்கள் உண்டு, என்னைவிடப் பல மடங்கு வாங்குபவர்களும் உண்டு. ஐயாயிரத்துக்குப் பதில் ஐந்நூறாக இருக்கலாம், அந்த ஓட்டுநரின் டப்பா அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் தலைப்பு ஒன்று இருக்கட்டும். எழுதி வைத்த பணத்தைச் செலவழிக்கும்போது மனது உறுத்துவதில்லை. இது மருந்துக்கான பணமோ, நாளைக்கு அவளுக்கு வேண்டிய பணமோ என்ற சந்தேகம் வராது. அவை வேறு பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன.

தலைக்காவிரி போன அந்த வருடம் மார்ச் 31 அன்று ஆசைத் தலைப்பில் 9,150 ரூபாய் மிச்சம் இருந்தது. விதிப்படி அவளிடம் கொடுத்துவிட்டேன். என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.